சூடான பொட்டலத்துக்கும் வரி!
ரூபாய்க்கு 5 காசு கணக்கு. ஜனங்கள் கோபப்படுவது எதற்காக?

செஞ்சி என்றதும் தேசிங்கு ராஜன் நினைவுக்கு வருவான். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானுக்கும் அவனுக்கும் 1714-ம் ஆண்டில் போர் மூண்டது. காரணம், கப்பம். பாக்கிப் பணத்தை நவாபு கேட்டார். தேசிங்கு கொடுக்க மறுத்தான். போர்க்களத்தில் உயிரையும் விட்டான்.

இன்று செஞ்சியில் வரிக்காக யாரும் வாளை உருவுவதில்லை. பணப்பையைத்தான் எடுக்கிறார்கள். ஆனாலும், பரோட்டாப் பொட்டலத்தோடு வரும் பில்லில் மத்திய சர்க்காருக்கு இரண்டரை சதவீதம், மாநில சர்க்காருக்கு இரண்டரை சதவீதம் என்று கண்டால் முகம் சுளிக்காதவர் யார்?

பொட்டலம் யாருக்கு?

திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் இருக்கிறது செஞ்சி. பவுர்ணமி வந்தால் கிரிவலம் போகிறவர்கள் இந்த வழியாகப் போகிறார்கள். அமாவாசை வந்தால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குக் கூட்டம் புறப்படுகிறது. நெல்லும் மல்லாட்டையும் விற்க விவசாயிகள் வருகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராத்தியர் காலக் கோட்டைகள் 12-ல் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டையும் இடம் பெற்றது. அதைப் பார்க்க வருகிறவர்களுக்கும் பசிக்கும் அல்லவா?

இவர்களுக்கெல்லாம் பொட்டலச் சோறு ஆடம்பரம் அல்ல. பஸ்சைப் பிடிக்க வேண்டும். வீட்டில் அடுப்பு மூட்ட நேரம் இல்லை. ஆகவே நாலு இட்லி, இரண்டு பரோட்டா, ஒரு பை சால்னா. வேலை முடிந்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்ணுக்கு, குழந்தைகளின் ராத்திரிச் சாப்பாடே அதுதான்.

எல்லாக் கடைக்கும் உண்டா?

இல்லை. வருஷத்துக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்யும் சாப்பாட்டுக் கடை ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்ய வேண்டியதில்லை. வரியும் இல்லை. 20 லட்சம் என்றால் பெரிய தொகையாகத் தெரியும். நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள். தினம் சுமார் 5,480 ரூபாய். ஆளுக்கு 55 ரூபாய் என்று 100 பேர் சாப்பிட்டால் முடிந்தது! தள்ளுவண்டிக்காரர் தப்பித்துக் கொள்வார். பஸ் நிலையத்துப் பக்கம் ஓரளவு ஓடும் ஓட்டல் தப்பாது.

இதைத் தாண்டி ஒன்றரைக் கோடி ரூபாய் வரை வியாபாரம் செய்கிறவர்களுக்கு, 'காம்போசிஷன்' என்ற எளிய திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்தவர் மொத்த வியாபாரத்தில் 5 சதவீதத்தைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாகக் கேட்கக் கூடாது.

வேடிக்கை ஒன்றும் உண்டு. பதிவு இல்லாத சிறிய கடையில் நேரில் போய் வாங்கினால் இட்லிக்கு வரி இல்லை. அதே இட்லியைச் செல்போன் செயலி வழியாக வீட்டுக்கு வரவழைத்தால் 5 சதவீத வரி உண்டு. 2022 ஜனவரி 1 முதல், அந்த வரியைச் செயலிக் கம்பெனியே வசூலித்துக் கட்டுகிறது.

ராஜாஜி போட்ட வரி

விற்பனை வரி நமக்குப் புதிது அல்ல. சென்னை மாகாணத்தில் ராஜாஜி பிரதம மந்திரியாக இருந்தபோது 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. மதுவிலக்கால் குறைந்த வருமானத்தை ஈடு கட்ட வழி தேடினார் அவர். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனாலும் வரி நிலைத்துவிட்டது.

அப்புறம் கோர்ட்டில் ஒரு கேள்வி எழுந்தது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவது விற்பனையா, உபசாரமா? டெல்லி ஓட்டல் வழக்கு ஒன்றில், அது விற்பனை ஆகாது என்று 1978-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. கட்டி எடுத்துப் போகும் பண்டமோ விற்பனைதான். ஆகப் பந்தியில் அமர்ந்தவருக்கு ஒரு நியாயம், பொட்டலக்காரருக்கு ஒரு நியாயம்! 1982-ல் அரசியல் சட்டத்தின் 46-வது திருத்தம் வந்து, பந்திக்கும் வரி போட வழி செய்தது.

ஓட்டல்கள் மூடிய நாள்

ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பே, 2017 மே 30-ந் தேதி தமிழ்நாட்டு ஓட்டல்காரர்கள் ஒரு நாள் கடையடைப்பு நடத்தினார்கள். ஆனாலும் ஜூலை 1-ந் தேதி வரி வந்தது. சாதாரண ஓட்டலுக்கு 12 சதவீதம். குளிர்சாதன ஓட்டலுக்கு 18 சதவீதம்.

அங்கேதான் பொட்டலக்காரர்களுக்கு ஆத்திரம் வந்தது. ஓட்டலில் ஓர் அறையில் குளிர்சாதனம் இருந்தாலும், வாசலில் வெயிலில் நின்று பொட்டலம் வாங்குகிறவரும் 18 சதவீதம் கொடுக்க வேண்டும்! குளிர்ந்த காற்று ஒருவருக்கு. அதற்கான வரி இன்னொருவருக்கு.

எதிர்ப்பு வலுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் கவுகாத்தியில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, சாதாரண ஓட்டல், குளிர்சாதன ஓட்டல் இரண்டுக்கும் வரியை 5 சதவீதமாகக் குறைத்தது. நவம்பர் 15-ந் தேதி அது அமலுக்கு வந்தது.

இங்கிலாந்திலும் இதே கதை

இந்தச் சண்டை நம் ஊரில் மட்டும் என்று எண்ண வேண்டாம். நம் சோமாசு போன்ற உருவத்தில், உள்ளே கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுடும் 'பேஸ்டி' என்ற பண்டம் இங்கிலாந்தில் பிரசித்தம். கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளிகள் கையில் எடுத்துப் போன சாப்பாடு அது. 2012 மார்ச்சில் நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்பர்ன், சூடாக விற்கும் இத்தகைய பண்டங்களுக்கு 20 சதவீத வரி என்று பட்ஜெட்டில் அறிவித்தார்.

ஜனங்கள் விடுவார்களா? அடுப்பிலிருந்து எடுத்த பேஸ்டி ஆறிக்கொண்டே இருக்கிறதே, எந்த நிமிஷம் வரை அது சூடு? கடைக்காரர் கையில் வெப்பமானியோடு நிற்க வேண்டுமா? கேலியும் கண்டனமும் பெருகின. இரண்டே மாதத்தில், மே 28-ந் தேதி சர்க்கார் பின்வாங்கியது. தானாக ஆறும் பண்டத்துக்கு வரி இல்லை. சூடு ஆறாமல் பெட்டியில் வைத்து விற்றால் வரி உண்டு என்று முடிந்தது.

பன்னும் கிரீமும்

நமக்கும் அப்படி ஒரு கேலி கிடைத்தது. 2024 செப்டம்பரில் கோவையில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன் தொழில் துறையினரைச் சந்தித்தார். அங்கே அன்னபூர்ணா உணவகத்தின் உரிமையாளர் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, அதில் கிரீமைத் தடவினால் 18 சதவீதம் என்றார். கிரீமையும் பன்னையும் தனித்தனியாகக் கொடுங்கள் என்று வாடிக்கையாளர்கள் கேட்பதாகவும் சொன்னார். அரங்கமே சிரித்தது.

பரோட்டாவும் கோர்ட்டுப் படி ஏறியது போலத்தான். 2020-ல் கர்நாடக வரி விளக்க ஆணையம், பாக்கெட்டில் விற்கும் பரோட்டா ரொட்டி ஆகாது; 5 அல்ல, 18 சதவீதம் என்றது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல்தான் பாக்கெட் பரோட்டா, சப்பாத்தி எல்லாவற்றுக்கும் வரி நீங்கியது. கிரீம் பன் போன்ற பேக்கரிப் பண்டங்களின் வரியும் 5 சதவீதமாகக் குறைந்தது. ஓட்டலில் கல்லில் போட்டுச் சுடச்சுடக் கட்டித் தரும் பரோட்டாவுக்கு மட்டும் பழைய 5 சதவீதம் நீடிக்கிறது!

மறைந்திருக்கும் வரி

பில்லில் தெரிவது ஒரு வரி. தெரியாதது இன்னொரு வரி. ஓட்டல் அடுப்புக்கு வாங்கும் வணிக சிலிண்டருக்கு 18 சதவீதம். பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் 18 சதவீதம். 5 சதவீதத் திட்டத்தில் இருக்கும் ஓட்டல்காரர் இதைக் கழித்துக் கொள்ள முடியாது. 2017 நவம்பரில் வரி குறைந்தபோது பல ஓட்டல்களில் பண்டத்தின் விலை ஏறியதற்கு இதுவும் காரணம். வாழை இலைக்கு மட்டும் வரி இல்லை.

ஆகவே, வாசகர்கள் பில்லைப் படித்துப் பார்க்க வேண்டும். வரி வாங்கினால் ஜி.எஸ்.டி. எண் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். எண் இல்லாமல் வரி கேட்டால், ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சாலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் வேண்டும் என்பதை ஜனங்கள் அறிவார்கள். அவர்களுடைய கோபம் 5 காசு மீது அல்ல. சூட்டுக்கு ஒன்று, ஆறினதற்கு ஒன்று, கிரீமுக்கு ஒன்று என்று புரியாத கோடு கிழிப்பதன் மீதுதான். கல்லாவில் இருக்கும் பையன், பொட்டலம் வாங்க வந்த பாட்டிக்கு ஒரே வாக்கியத்தில் விளக்கிச் சொல்ல முடிகிற வரி எதுவோ, அதுவே நல்ல வரி.