ஒரு குடும்பம்... மூன்று வீடு!

உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் சட்டென்று சொல்லி விடுவீர்கள். ஆனால், ஈரான் நாட்டில் உள்ள மேமந்த் கிராமத்துக்குப் போய், 'இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். 'கோடையிலா, குளிர்காலத்திலா?' என்று அவர்கள் உங்களைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்!

ஈரானின் தென்கிழக்கே உள்ள கெர்மான் மாகாணத்தில், ஒரு மலைப் பள்ளத்தாக்கின் முடிவில் இருக்கிறது மேமந்த். இங்குள்ள மக்கள் பேசுவது பாரசீக மொழி. செம்மறி ஆடும் வெள்ளாடும் வளர்ப்பதுதான் முக்கியத் தொழில். மழை குறைவு என்பதால், புல் இருக்கும் இடத்தைத் தேடி ஆடுகள் போக வேண்டும். ஆடுகள் போனால், ஆட்டுக்காரர்களும் கூடவே போக வேண்டும் அல்லவா?

அதனால், இவர்களுக்கு வருடத்தில் மூன்று வீடு!

குளிர்காலம் முடியும் நேரத்தில் 'சரே ஆகோல்' என்ற இடத்துக்குக் கிளம்பி விடுவர். ஆகோல் என்றால் ஆட்டுப்பட்டி. அங்கே காற்று பலமாக வீசும். அதற்குத் தப்பிக்க, பாதி தரைக்குள் இருக்கும்படி வீடு கட்டிக் கொள்கின்றனர்.

கோடையில் 'சரே பாக்' என்ற இடத்துக்குப் பயணம். பாக் என்றால் தோட்டம். பெங்களூரு லால்பாக் பூங்காவின் பெயரில் இருப்பதும் இதே பாரசீகச் சொல்தான்! அங்கே கல் அடுக்கிய குட்டைச் சுவர், மேலே மரச்சட்டம், புல் கூரை. வெயிலுக்கு இதமான வீடு.

பனிக்காலம் நெருங்கியதும் எல்லாரும் மேமந்துக்குத் திரும்புவர். இங்கேதான் அதிசயம்! இந்த வீடுகளைக் கட்டவில்லை. மலையின் மென்மையான பாறையைக் குடைந்து செய்திருக்கின்றனர். ஒரு குகை வீட்டின் பெயர் 'கிச்சே'. சுவரிலேயே குடைந்த மாடங்களில் பாத்திரங்களை வைத்துக் கொள்வர். அறைக்குள்ளேயே அடுப்பு எரிவதால், சுவரும் கூரையும் கரி படிந்து கன்னங்கரேல் என்றிருக்கும். வெளியே கடுங்குளிர் அடித்தாலும், உள்ளே கதகதப்பு! பள்ளிவாசல், குளியல் கூடம் எல்லாமே பாறைக்குள்தான்.

இந்த வாழ்க்கை முறையைப் பாராட்டி, 2015ல் யுனெஸ்கோ அமைப்பு மேமந்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உலகமே பாராட்டினாலும், ஊருக்கு ஒரு கவலை இருக்கிறது.

இங்கே சுமார் 400 குகை வீடுகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை இன்று காலி. படிப்பு, வேலை என்று இளைஞர்கள் பலர் நகரங்களுக்குப் போய் விட்டனர். ஆடுகளோடு மூன்று வீட்டுக்கும் சுற்றி வருபவர்கள் குறைந்து கொண்டே வருகின்றனர். எந்த மாதம் எங்கே புல் முளைக்கும், எந்த ஊற்றில் தண்ணீர் வரும் என்பதெல்லாம் அந்தப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோடு சேர்ந்து நடக்க யாரும் இல்லை என்றால், வழி எப்படித் தெரியும்? பாறை வீடு அப்படியே இருக்கும். ஆனால், அங்கே அடுப்பு எரியாது.

எனவே குட்டீஸ், இனி புத்தகத்தில் ஏதாவது ஊரின் மக்கள்தொகையைப் படிக்கும்போது, எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அவர்கள் எப்படி வாழ்கின்றனர், எதைத் தேடி எங்கே போகின்றனர் என்றும் கேளுங்கள். சரியா?