கொரியப் போரும் துருக்கியப் படையும்

கொரியாவைப் பிளந்த கோடு கொரியர் வரைந்ததன்று. 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடையவிருந்த வேளையில், வாஷிங்டனில் அமெரிக்கப் படை அதிகாரிகள் இருவர் நிலப்படமொன்றை விரித்துவைத்து, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் 38ஆம் அட்சரேகையைத் தேர்ந்தனர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஜப்பானிய ஆட்சியில் நலிந்த மக்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. தற்காலிக ஏற்பாடு என்றே சொல்லப்பட்ட அக்கோட்டின் இருபுறமும் 1948இல் இரு அரசுகள் எழுந்தன. முழு நாடும் தனக்கே உரியதென இரண்டுமே முழங்கின.

1950 ஜூன் 25 அன்று வட கொரியப் படை கோட்டைக் கடந்தது. கிம் இல் சுங்கின் திட்டத்திற்கு ஸ்டாலின் இசைவளித்திருந்தார் என்பதைப் பின்னாளில் திறக்கப்பட்ட சோவியத் ஆவணங்கள் காட்டுகின்றன. ஆயினும் பாதுகாப்பு அவையில் எதிர்வாக்களிக்க சோவியத் பிரதிநிதி இல்லை. செஞ்சீனத்திற்கு இடம் மறுக்கப்பட்டதைக் கண்டித்து அவர் அவையைப் புறக்கணித்திருந்தார். அந்த வெற்று நாற்காலியின் பயனாகவே, அமெரிக்கத் தலைமையிலான படைக்கு ஐ.நா.வின் கொடி கிடைத்தது.

அக்கொடியின்கீழ்ப் போரிட்ட பதினாறு நாடுகளில் துருக்கியும் ஒன்று. கொரியருக்கும் துருக்கியருக்கும் என்ன பகை? மெண்டரஸ் அரசு, நாடாளுமன்றத்தைக் கேளாமலேயே 4,500 வீரரை அனுப்ப முடிவெடுத்தது. சோவியத் அச்சத்தில் வாழ்ந்த துருக்கி நேட்டோவில் சேர விரும்பியும் கதவு திறக்கவில்லை. கொரியாவில் சிந்தும் குருதி அதைத் திறக்கும் என்று அங்காரா கணக்கிட்டது. கணக்கு பிழைக்கவில்லை: 1952 பிப்ரவரியில் துருக்கி உறுப்பினராயிற்று. விலை கொடுத்தவர்களோ அனத்தோலியக் கிராமத்து இளைஞர்கள். 1950 நவம்பர் இறுதியில், சீனப் படை பெருவெள்ளமாக இறங்கியபோது, கூனு-ரி அருகே கடுங்குளிரில் அவர்கள் பேரிழப்புக்கு உள்ளாயினர். போர் முடிவதற்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட துருக்கியர் மடிந்தனர். பூசானிலுள்ள ஐ.நா. கல்லறைத் தோட்டத்தில் 462 பேர் அடங்கியுள்ளனர்.

முதலாண்டில் சியோல் நகரம் நான்கு முறை கைமாறியது. 1951 ஜூலையில் பேச்சுவார்த்தை தொடங்கியபோது, படைகள் ஏறக்குறைய புறப்பட்ட இடத்திலேயே நின்றன. எனினும் போர்க்கைதிகளை அவர்தம் விருப்பத்திற்கு மாறாக நாடு திருப்புவதா என்ற வழக்கால் மேலும் இரண்டாண்டுகள் குருதி ஓடிற்று. 1953 ஜூலை 27 அன்று பன்முன்ஜோமில் கையொப்பமானது போர்நிறுத்தமே. அமைதி உடன்படிக்கை இன்றளவும் இல்லை. தென் கொரியா அதில் கையொப்பமிடவுமில்லை!

துருக்கிப் படையின் வருகையை நேட்டோ கணக்கோடு முடித்துவிட நமக்கு மனமில்லை. சுவோன் நகரில் அவ்வீரர்கள் போரில் அநாதைகளான கொரியச் சிறார்களுக்கு 'அங்காரா பள்ளி' என்றொரு புகலிடம் நடத்தினர். படையின் இமாம் அப்துல் கஃபூர் கராஇஸ்மாயில்ஓலு, தொழுகையைக் கண்டு வினவ வந்த கொரியருக்கு மார்க்கத்தை விளக்கினார். 1955இல் கொரிய முஸ்லிம்களின் முதல் அமைப்பு உருவானது. ஆனால் சியோலின் மத்தியப் பள்ளிவாசல் திறக்கப்பட்டதோ 1976இல்தான். நிலத்தைக் கொரிய அரசு தந்தது. பொருளுதவி சவூதி அரேபியா முதலிய நாடுகளிலிருந்து வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அரபு நாடுகளின் நட்பும் அங்குள்ள கட்டுமானப் பணிகளும் சியோலுக்கு இன்றியமையாதனவாகியிருந்தன.