கேப் சரியில்லை என்றால் கீழே குனிந்து பாருங்கள்

பழைய கார் வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர் பெயின்ட் பளபளப்பில் மயங்குவதில்லை. கதவுக்கும் பக்கத்துத் தகடுக்கும் நடுவே ஓடும் இடைவெளியைத்தான் பார்ப்பார். பட்டறையில் இதைக் 'கேப்' என்பார்கள். மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே ஒடுங்கினால், வண்டி எங்கோ அடி வாங்கியிருக்கலாம், அல்லது அடியில் ஏதோ இற்றுப்போயிருக்கலாம். சிவகாசி ஆஃப்செட் அச்சகத்தில் நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாத காலண்டர் தாளை ரிஜிஸ்டர் விலகிவிட்டது என்று ஒதுக்குகிறார்களே, அந்தக் கண்தான் இதற்கும் வேண்டும். கேப் ஒரு மி.மீ. கூடுதலாக இருந்தாலும் சீராக ஓடினால் கண் பொறுத்துக்கொள்ளும். ஒரு முனை ஒடுங்கினால் பொறுக்காது.

இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஸ்டாண்டர்டு ஹெரால்டு நல்ல வண்டி. நம் மாநிலத்தில் பிறந்தது. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961 முதல் இதைச் செய்தது. மூல வண்டி, 1959இல் இங்கிலாந்தில் வெளியான டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. சேஸும் பாடியும் ஒன்றாக வெல்டிங் செய்த வண்டிகளுக்கு மற்ற கம்பெனிகள் மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் டிரையம்ஃபை நடத்திய இங்கிலாந்து ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை போட்டிக் கம்பெனியான பிஎம்சி 1953இல் வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லை. அதனால் தனி சேஸ். அதன்மேல் முன்கூடு, பின்கூடு, கூரை, பானட் எல்லாம் தனித்தனியாகச் செய்து போல்ட் போட்டு மாட்டும் ஏற்பாடு. அயல்நாடுகளில் கொண்டுபோய்ப் பூட்டவும் அது வசதியாயிற்று.

போல்ட் போட்ட இடமெல்லாம் நகரும். ஹெரால்டின் தொல்லையும் அதுதான், வசதியும் அதுதான்.

ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் கதவுக் கீலைத் தளர்த்தத் தோன்றும். அவசரப்படக் கூடாது. முதலில் வண்டியைச் சமதரையில், டயருக்குக் காற்றடித்து, நான்கு சக்கரத்தில் நிறுத்த வேண்டும். ஜாக்கியில் தூக்கிய சேஸ் கொஞ்சம் வளைந்து நிற்கும். அப்போது பிடித்த கேப், இறக்கியதும் மாறிவிடும். அடுத்து, சேஸின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப் பிடித்து அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் தகட்டைத் தட்டிப் பயனில்லை.

சேஸின் நடுவிலிருந்து இருபுறமும் நீளும் கைகள்தான் பாடியின் ஓரங்களைத் தாங்குகின்றன. ஹெரால்டில் முதலில் துருப்பிடிக்கும் இடங்களில் அவையும் உண்டு. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் தோதான நம் வறண்ட காற்று இரும்புக்கும் நல்லதே; தூத்துக்குடிக் கடலோரம் நின்ற வண்டியைவிட விருதுநகரில் நின்றதில் துரு குறைவாக இருக்கும். ஆனால் அடியில் அப்பிய கரிசல் மண் ஈரத்தை லேசில் விடாது. மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் வண்டிக்குக் கீழே இந்தக் கைகள் பொடிப்பொடியாக உதிர்வதுண்டு.

பாடியைச் சேஸில் உட்காரவைக்கும் இடங்களில் ரப்பரும், மெல்லிய தகடு ஷிம்களும் போடுவார்கள். கேப் உண்மையில் பிடிக்கப்படுவது இங்கேதான். முன்கூடும் பின்கூடும் வெளிமுனையில் தொங்கினால் கதவுச் சட்டம் மேலே விரியும். முனைப் போல்ட்டுகளின் அடியில் ஷிம் சேர்த்தால் மூடும். நடுப்பகுதி தொய்ந்தால் மேலே கேப் இறுகும். ஷிம் நடுவில் வேண்டும். கீழே ஒரு மி.மீ. ஏற்றினால் கதவின் மேல்மூலையில் அது கண்ணுக்குத் தெரியும்.

அம்பாசடர், பத்மினியில் இந்தச் சலுகை கிடையாது. அவற்றில் பாடியே சட்டம். கதவுக்குக் கீழே ஓடும் இற்றுப்போன தகட்டை வெட்டி எடுக்கும் முன், கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டிங் செய்து முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் பாடி தளர்ந்துவிடும். அந்த நிலையில் புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்தால் கோணலே நிரந்தரமாகிவிடும்.

கதவின் முறை இதற்கப்புறம்தான். திறந்த கதவின் நுனியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் பின் தேய்ந்திருக்கிறது, முதலில் அதை மாற்ற வேண்டும். 1960களின் இறுதியில் இந்தியாவில் மட்டும் வந்த நான்கு கதவு ஹெரால்டாக இருந்தால் பின்கதவு முதலில், முன்கதவு அடுத்து, பானட் கடைசி. பின்னாலிருந்து முன்னால் வருவதே முறை, ஏனென்றால் ஹெரால்டின் பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டு. முன்முனைக் கீலில் அது மொத்தமாக நகரும், கதவு நகர அவ்வளவு இடமில்லை. கதவு பூட்டும் கொக்கியைக் கடைசியில்தான் தொட வேண்டும். தொங்கும் கதவைக் கொக்கியால் தூக்கி நிறுத்துகிற பட்டறைகளைப் பார்த்திருக்கிறேன். சில மாதத்தில் கதவு மறுபடி தொங்கும்.

அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பூச்சைத் தட்டியெடுத்த வெல்டிங் ராடு போதும், 3.15, 4, 5 மி.மீ. என்று கடையில் கிடைக்கிறது. எந்த ராடு எங்கே நுழைகிறது என்று கேப் நெடுக விட்டுப் பார்க்க வேண்டும். புதுக் கதவு ரப்பரையும் மாட்டிப் பார்ப்பது அவசியம். தடித்த ரப்பர் கதவை வெளியே தள்ளிவிடும். கேப் அகலமாக இருந்தால் பட்டியை அப்பி ஒப்பேற்றுவது எளிது, ஆனால் கதவு ஓரத்தில் தடித்த பட்டி அடிபட்டு உதிரும். ஓரத்தில் கம்பி வைத்து வெல்டிங் செய்து அரத்தால் தேய்ப்பதே சரி.

இன்றைய கார்களைப் பார்த்துவிட்டு 3 மி.மீ. கேப் கேட்பவர்கள் உண்டு. வண்டலூரிலிருந்து வந்தபோதே ஹெரால்டுக்கு அந்தக் கேப் இருந்ததில்லை. இல்லாத நேர்த்தியை ஏற்றுவது பழைய காரை மீட்பது ஆகாது என்பது என் கட்சி.

பிரைமரும் பெயின்டும் இரண்டு ஓரத்திலும் ஏறும்போது கேப் ஏறக்குறைய அரை மி.மீ. குறையலாம். அதற்கும் இடம் விட்டுத்தான் தகட்டைப் பிடிக்க வேண்டும். எல்லாம் பொருந்தியதும் பெயின்டுக்காக மறுபடி கழற்றுவார்கள். அப்போது கீலைச் சுற்றிக் கோடு கீறி, எந்த ஷிம் எந்த போல்ட்டுக்கு என்று எழுதி உறையில் போட்டு வைக்க வேண்டும். எழுதாமல் கழற்றியவர் மூலைவிட்டத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.