மீன் தொட்டியில் வெள்ளைப் புள்ளி

பிறை வட்டாரத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் கப்பியும் தங்க மீனும் வளர்க்கிறார்கள். திடீரென்று ஒரு நாள் மீன் இரை எடுக்காது; கல்லில் உடம்பைத் தேய்க்கும்; துடுப்பில் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். இதுவே வெள்ளைப்புள்ளி நோய்.

புள்ளிக்குள் இருப்பது ஓர் ஒட்டுண்ணி. அது மீனின் தோலுக்கடியில் வளர்ந்து, முற்றியதும் கழன்று தொட்டியின் அடியில் தங்குகிறது. அங்கே நூற்றுக்கணக்கில் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்துகிறது. மருந்து கொல்வது இப்படி நீந்தும் கிருமிகளை மட்டுமே. புள்ளி மறைந்ததும் வைத்தியத்தை நிறுத்தினால், சில நாளில் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பும்.

என்ன செய்யலாம்? லிட்டருக்கு 3 கிராம் உப்பு, அதாவது 20 லிட்டர் தொட்டிக்கு 60 கிராம். அதைக் கரைத்து இரண்டு நாளில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கப்பியும் தங்க மீனும் இதைத் தாங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள், அடியிலுள்ள அழுக்கைக் குழாயால் உறிஞ்சி, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீருக்கும் அதே அளவில் உப்பிடுங்கள். இரண்டு வாரம் தொடருங்கள். குணம் தெரியாவிட்டால் மீன் கடையில் மருந்து கேளுங்கள்.

சுங்கை டுவாவில் சுத்திகரிக்கப்பட்டு வரும் குழாய் நீரில் குளோரின் உண்டு. அதை ஒருநாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுங்கள்.

புதிதாக வாங்கிய மீனையும் கால்வாயில் பிடித்த மீனையும் இரண்டு வாரம் தனிப் பாத்திரத்தில் வையுங்கள். அந்தப் பொறுமை இருந்தால், தொட்டியிலுள்ள மற்ற மீன்கள் பிழைக்கும்.