போனேன்... போனதாக நினைத்தேன்!

2014 பொங்கலுக்குச் சிங்கவரம் போயிருந்தேன். சித்தப்பா பையன், அரசு கொடுத்த லேப்டாப்பை நீட்டினான். "அண்ணே, இடமே இல்ல. பாட்டையெல்லாம் அழிச்சிடுங்க!"

உள்ளே சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். கறுப்புத் திரையில் 'சிடி' அடித்துப் பாட்டு டைரக்டரிக்குள் போனேன். போனதாக நினைத்தேன்! லினக்ஸுக்குப் பெரிய 'எஸ்' வேறு, சின்ன 'எஸ்' வேறாம். 'அப்படி ஒன்றுமில்லை' என்று அது சொன்னதைப் படிக்காமல், நின்ற இடத்திலேயே 'ஆர்எம்' அடித்தேன். போச்சு, அவன் காலேஜ் புராஜெக்ட்! இதற்குக் குப்பைத்தொட்டியும் கிடையாது.

(1998-ல் பிக்ஸாரிலேயே இந்தக் கூத்து நடந்தது. 'டாய் ஸ்டோரி 2'-வைக் காப்பாற்றியது, ஓர் ஊழியரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த நகல்.)

'பிடபிள்யூடி' என்று ஒரு வார்த்தை அடித்திருந்தால், எங்கே நிற்கிறேன் என்று சொல்லியிருக்கும்.

ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் ரங்கநாதர் குகைக்கோயில் படியேறும்போது பையன் மெதுவாகச் சொன்னான்: "பென்டிரைவ்ல ஒரு காப்பி இருக்குண்ணே."

படுபாவி!