யார் தந்த இசைவு?

சென்ற பருவத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் இருபது கணிப்பொறிகளில் உபுண்டு லினக்ஸ் நிறுவும் பணி என்னிடம் வந்தது. ஏரியல் முதலிய எழுத்துருக்களும் வேண்டும் என்றனர்.

இவற்றை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996-இல் இணையத்திற்கென இலவசமாய் அளிக்கத் தொடங்கி, 2002-இல் நிறுத்திக்கொண்டது. மூலக் கோப்பை அப்படியே பிறர்க்கு வழங்கலாம், பிரித்து வழங்கலாகாது என்பது உரிமம். ஆகவே லினக்ஸ் தொகுப்பினுள் எழுத்துரு இராது. மூலக் கோப்பை இறக்கி நம் பொறியிலேயே பிரிக்கும் கட்டளைகளே இருக்கும். அதற்குமுன் உரிமத்தைக் காட்டி, "ஏற்கிறீரா?" என்று கேட்கும். மறுத்தால் எழுத்துரு வாராது.

இக்கேள்விக்கு 'டெப்கான்ஃப்' என்னும் கருவியில் முன்கூட்டியே விடை எழுதி வைக்கலாம். நானும் ஒரே வரியில் இருபது பொறிகளுக்கும் "ஆம்" என்று எழுதினேன். படியாத பத்திரத்தில் இருபது கைந்நாட்டு!

"நான் எப்போது ஒப்பினேன்?" என்று இளைய மாணவர் ஒருவர் கேட்டார். நாணினேன். அன்றிரவே உரிமத்தைப் படித்தேன். மறுநாள் அதனைக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன்.

பொறி எதற்கும் இசைவதில்லை; இசைபவன் மனிதனே. பிறர்க்காக "ஆம்" என்று எழுதுபவன் முதலில் படிக்கட்டும். பின் அவர்க்கும் அதனை அறிவிக்கட்டும்.