சேமிக்க முடியாத நிமிடம்

"வாகைகுளம் விமான நிலையத்துக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. இத்தனை கவுண்டர் போதும் என்று எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?" கோவில்பட்டிக் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். 2025 ஜூலையில் திறந்த அந்தத் தூத்துக்குடி முனையம் நெரிசல் நேரத்தில் 1,350 பயணிகளைக் கையாளும்படி கட்டப்பட்டது. இத்தகைய கணக்குகளுக்கு உலகெங்கும் கைகொடுப்பது கணினி சிமுலேஷன்.

கணினிக்குள் ஒரு விமான நிலையத்தை ஓடவிடுகிறார்கள். பயணி எப்போது வருவார், அவருக்கு எத்தனை நிமிடம் பிடிக்கும் என்பதெல்லாம் தாயம் உருட்டுவதுபோல் விழும். ஆனால் அந்தத் தாயக்கட்டை, நிஜப் பயணிகளைக் கடிகாரம் வைத்து அளந்து செய்தது. ஒரே நாளை ஆயிரம் தடவை ஓட்டி, கவுண்டரைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம்.

இதில் என்னை விடாமல் பிடித்திருப்பது ஒரு விந்தை. ஒருவருக்குச் சராசரியாக 2 நிமிடம் என்றால் ஒரு கவுண்டர் மணிக்கு 30 பேரை அனுப்பும். 24 பேர் வந்தால் வரிசையில் காத்திருப்பு சராசரி 8 நிமிடம். 27 பேர் வந்தால் 18. 29 பேர் என்றால் 58! வருகையும் வேலை நேரமும் தாறுமாறாக இருந்து, நெரிசல் நீடித்தால் வரும் விடை இது. 1909-ல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் இருந்த எர்லாங் தொடங்கிவைத்த கணிதம்.

ஏன் இப்படி? நம் கரிசல் மண் ஐப்பசியில் குடித்த மழையைத் தை வரைக்கும் வைத்திருந்து பயிருக்குக் கொடுக்கும். கவுண்டருக்கு அந்தக் குணம் இல்லை. ஆளில்லாமல் போன பத்து நிமிடத்தை, கூட்டம் வரும்போது எடுத்துக் கொடுக்க அதனால் முடியாது. அதனால் கொஞ்சம் சும்மா இருக்கும் கவுண்டர் வீண் அல்ல. அதுதான் வரிசையைக் காப்பாற்றுகிறது. வெள்ளாமைக்காரர் விதைநெல்லை மிச்சம் வைப்பதுபோல.

சிறு வயதில் அப்பத்தாவோடு மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருக்கிறேன். ஊற்ற இரண்டு பேர். கார்டில் பதிய ஒருவர். ஊற்றுகிறவர்கள் சும்மா நிற்க, வரிசை வெயிலில் நின்றது. பதிவதற்கு இன்னொரு கையைக் கொடுத்திருந்தால் போதும். அதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

விமானம் ஏறுகிறவருக்குச் செய்கிற கணக்கை, ரேஷன் கடையிலும் அரசு மருத்துவமனைச் சீட்டு வரிசையிலும் நிற்கிறவருக்கும் செய்யவேண்டும். சாதாரண மடிக்கணினி போதும். மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. மாணவிக்கு என் பதில் இதுதான்: அம்மா, ஒரு காலைப்பொழுது, நோட்டும் கடிகாரமுமாக அந்தச் சீட்டு வரிசை ஓரம் போய் நில்லுங்கள்.